ஆகட்டும் அம்மணி

என் அண்ணனை யாராலும் திட்ட முடியாது. முயற்சி செய்து பார்க்கலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் செய்து பார்த்திருக்கிறோம். "இப்படியே இருந்தீன்னா நீ உருப்படமாட்டேடா" என்பார் அப்பா. அண்ணன் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நிஜமாகவே யோசிப்பான். பிறகு, "அதுவும் சரிதானுங்கப்பா" என்பான். குரலில் கேலி இருக்காது, வருத்தம்கூட இருக்காது. பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தனைப் பற்றி இரண்டு பெரியவர்கள் பேசி, ஒரே முடிவுக்கு வந்ததுபோல இருக்கும். அதற்குமேல் அப்பா என்ன செய்வார்? ரசம் ஊற்றச் சொல்வார்.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் யாரும் யாரையும் எதிர்த்துப் பேசிவிட மாட்டார்கள். வேண்டாத சொந்தக்காரர்கள் ஒறம்பரையாக வந்தாலும் வாசல்வரை போய் 'வாங்க வாங்க' என்போம். போகப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த கல்யாணத்துக்கும் 'முன்னாடியே வந்துடறோமுங்க' என்று பத்திரிகையை இரண்டு கையால் வாங்கிக்கொள்வோம். மற்றவர்களுக்கு அந்தத் தன்மை வாசலோடு நின்றுவிடும். அண்ணனுக்கு அது உள்ளே எலும்புவரை இறங்கியிருந்தது. 'முடியாது' என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் "ஆகட்டும் அம்மணி" என்பான். அந்த ஆகட்டும் ஒருநாளும் ஆனதில்லை.

நான் நான்கு வருஷத்துக்கு முந்தைய அண்ணனைச் சொல்கிறேன். அப்போது அவனுக்கு இருபத்தேழு, எனக்கு இருபத்து நாலு. நான் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதையும் நாளைக்கு என்று ஒத்திவைக்கத் தெரியாது. காலையில் பல் தேய்க்கும்போதே போனில் ஏதாவது பாடம் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கூட்டியில் போகும்போது சிக்னலில் நின்றால்கூட எனக்குக் கால் துடிக்கும். இப்படிப்பட்ட ஒருத்தி தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், ஹாலில் அண்ணன் உட்கார்ந்திருப்பான். டிவி பார்ப்பதுகூட இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்த்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தருவான். அதுதான் இன்னும் ஆத்திரமாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவனுக்கு ஒரு கால அட்டவணை தயார் செய்தேன். காலை ஐந்தரைக்கு எழுவது, ஆறிலிருந்து எட்டு ஆங்கிலம், பிறகு கம்ப்யூட்டர், வாரத்துக்குப் பத்து இடத்துக்கு விண்ணப்பம். நான்கு கலரில் அச்சடித்துக் கொண்டுவந்தேன். அவன் அதைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "நல்லாப் பண்ணியிருக்கே அம்மணி" என்றான். அவனே ஸ்டூல் எடுத்துவந்து ஏறி நின்று, பீரோ கதவில் ஒட்டினான். கோணலாக இருக்கிறதா என்று என்னைத் தள்ளிநின்று பார்க்கச் சொன்னான். ஒரு ஓரத்தில் பசை விட்டுப்போனபோது, ஆறுமாதம் கழித்து, மறுபடி ஒட்டியதும் அவன்தான். அந்த ஆறுமாதத்தில் அவன் ஒருநாளாவது ஐந்தரைக்கு எழுந்தானா என்று கேட்காதீர்கள்.

படிப்பிலும் இப்படித்தான். இன்ஜினியரிங்கில் மூன்றாவது கணக்குப் பேப்பர் அவனுக்குத் திரும்பத் திரும்பப் போனது. அப்பா அவனை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சாரிடம் டியூஷன் சேர்த்துவிட்டார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. சார் ஒவ்வொரு கணக்கையும் போட்டுவிட்டு, 'புரிஞ்சுதா?' என்று முதலில் இவனைத்தான் கேட்பாராம். இவன் 'நல்லாப் புரிஞ்சுதுங்க சார்' என்பானாம். சார் அப்பாவைக் கூப்பிட்டு, என் பேட்ச்சில் உங்கள் பையன்தான் நல்ல பையன் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தடவையும் போனது. நான் பிடித்து உலுக்கிக் கேட்டேன், புரியவில்லை என்று சொல்லவேண்டியதுதானே என்று.

"அந்த மனுசன் கையெல்லாம் சாக்பீஸா நின்னு அவ்வளவு நேரம் சொல்லிக் குடுத்துப்போட்டுக் கேக்கறாரு அம்மணி. எப்படி இல்லைங்கறது?"

நான்காவது தடவை பாஸ் செய்தான். எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், திருப்பூரில் தனக்குத் தெரிந்த பனியன் கம்பெனியில் சேர்த்துவிட்டார். அங்கே மூன்று சூப்பர்வைசர்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு வேலை சொல்ல, மூன்று பேரிடமும் சரிங்க என்று சொல்லிவிட்டு, நடுவில் துணிமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். எதை முதலில் செய்தாலும் மற்ற இரண்டு பேருக்கும் மனசு சங்கடப்படும் என்று இருந்தானாம். ஐந்தாம் நாள் மாமாவே பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "தங்கமான பையனுங்க மாப்ளை. திட்டறதுக்கே ஒருத்தனுக்கும் மனசு வரல. அதானுங்க பிரச்சனை."

அம்மா இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது அந்த வருஷம் புரட்டாசியில். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையைப்போல இரண்டு மடங்கு பெரிய வேலை. ஜனவரி கடைசியில் போய்ச் சேரவேண்டும். நான் ஆர்டரை வாங்கிய அன்றைக்கே மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டேன். வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அப்பா கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் ஃபிட்டர். வருகிற மே மாதத்தோடு நின்றுவிடப் போகிறார். முட்டி தேய்ந்துவிட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்கண்ணன் ஒரு மூணு மாசம் ஒரு எடத்துல நின்னுட்டான்னா போதும் கண்ணு. நீ தாராளமாப் போ. நானும் நிம்மதியா உக்காந்துக்குவேன்."

மூன்று மாதம். எனக்கு அது ஒரு ப்ராஜெக்ட் மாதிரி தோன்றியது. ஜனவரி கடைசியிலிருந்து பின்னால் எண்ணினால், அக்டோபர் கடைசிக்குள் அண்ணனை எங்காவது சேர்த்தாக வேண்டும். நான் தேடினேன். என் ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தண்ணீர் மோட்டார்களை ஆன்லைனில் விற்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். வாங்கியவர்கள் மெயிலில் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதவேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்தது. கோபமாக இருக்கிறவர்களிடம் தன்மையாகப் பேசுகிற வேலை. கோயமுத்தூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் அதற்கு என் அண்ணனைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பானா?

இன்டர்வியூவில் அந்த ஆபீஸின் மேனேஜர் மேடம், கஸ்டமர் கண்டபடி திட்டி எழுதினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். "அவுங்க பக்கமும் நாயம் இருக்குமுங்களே" என்று சொல்லியிருக்கிறான். அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். நான் வீட்டில் குலோப்ஜாமூன் செய்தேன்.

முதல் வாரம் அவன் காலையில் குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கிளம்புவதை அம்மா வாசலில் நின்று தெருமுனை திரும்பும்வரை பார்ப்பார். நான் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். ஆறாவது நாள் சாயங்காலம் அவன் வந்து, சாப்பிட்டுக்கொண்டே, மேடம் கூப்பிட்டுப் பேசினார் என்று சொன்னான். என்ன பேசினார் என்று கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் பதினாலு பேருக்குப் புது மோட்டார் அனுப்பிவிடுவதாக எழுதியிருக்கிறான். ஒருத்தர் மோட்டாரைக் கிணற்றில் இறக்கும்போது கயிறு அறுந்து உள்ளே விழுந்திருக்கிறது. அவருக்கும்தான்.

"அது அவரு கயிறுதானே? கம்பெனி என்ன பண்ணும்?" என்றேன்.

"அம்பதடி ஆழமாமா அம்மணி. வயசான மனுசன். புதுசு ஒண்ணு அனுப்பிப்போடலாங்கன்னு எழுதுனேன்."

எல்லாப் புகாரும் அவனுக்கு நியாயமாகத்தான் தெரிந்திருக்கிறது. எல்லோரோடும் ஒத்துப்போயிருக்கிறான். மேடம், புது ஆள் என்று மன்னித்து, இரண்டு வாரம் பார்க்கிறேன், அதற்குள் சரியாக வரவில்லையென்றால் கஷ்டம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. ஒரு மெயிலுக்கு மறுநாள் பத்து மணிக்குள் பதில் போனால் போதும். அண்ணன் தினமும் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவருவான். இரண்டு வாரம் நான் எழுதிக் காட்டுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பார், மூன்றாவது வாரம் நீயே எழுது என்றேன். அவன் ஆகட்டும் என்றான்.

காலை ஐந்தேகாலுக்கு நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறப்பேன். அண்ணன் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டிருப்பான். ஆமாம், அட்டவணையில் எழுதி முடியாததை இந்தத் திருட்டு வேலை செய்துவிட்டது, அவன் ஐந்துமணிக்கு எழுந்தான். பக்கத்தில் உட்கார்ந்து புகார்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவான். அதை அவன் படிக்கிறபோது கேட்கவேண்டும். தேனிக்காரர் எழுதியது தேனிக்காரர் மாதிரியே இருக்கும். நாகர்கோவில் டீச்சர் ஒருவர் வாரம் ஒருமுறை எழுதுவார், அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்ப்பதுகூடத் தெரியும். நான் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருநாள் தண்ணீர் ஏறி ஏறி நிற்கிறது என்று ஒரு புகார். நான் விழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பேப்பரை இறக்காமலே, "மொதல்ல வோல்டேஜ் எத்தனை வருதுன்னு கேக்கச் சொல்லு உங்கண்ணனை" என்றார். அண்ணன் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தான். நான்தான் எழுதுகிறேன் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தெரியாததுபோல இருப்பது என்று அவரும் முடிவு செய்திருந்தார்.

அதிலிருந்து தினமும் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வார். ஃபுட்வால்வில் குப்பை அடைத்திருக்கும். பேரிங் போயிருக்கும், சத்தம் வருகிறதா என்று கேள். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து சீக்கிரமாக இட்லி ஊற்ற ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் வந்தபோது, எங்கள் வீட்டில் மூன்று பேர் அண்ணனுடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சொன்னபடி அந்த வாரம் அவனையே எழுதச் சொன்னேன். லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தோப்புக்காரர், மோட்டார் நின்று பத்து நாளாகிறது என்று கொதித்துப்போய் எழுதியிருந்தார். அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு விரலால் தட்டினான். 'ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். பத்து நாளாகத் தண்ணீர் இல்லாமல் தென்னை எல்லாம் எப்படி இருக்கிறது?' அவ்வளவுதான். அதற்குமேல் என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. லேப்டாப்பை இழுத்து, அதை அழித்துவிட்டு, வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன்.

"நீ எழுதறதுதான் அம்மணி ஒழுங்கா இருக்குது" என்றான்.

மார்கழி பிறந்தது. நாட்காட்டியில் ஐம்பது நாள் தாண்டிவிட்டது. பெங்களூருக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன், தங்க ஒரு ஹாஸ்டலுக்கு முன்பணம்கூட அனுப்பிவிட்டேன். அங்கே போனபிறகு என்ன செய்வாய் என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். அங்கிருந்தே எழுதிக்கொடுத்துவிடுவேன், அண்ணன் புகார்களைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. உங்கண்ணன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் நீ அவனைவிட முட்டாள் என்பதாக இருந்திருக்கும்.

நடுவில் ஒரே ஒரு நாள் அவனிடம் கோபமாகவே கேட்டேன். உனக்கு என்னதான் ஆசை, எதையாவது ஒன்றைச் சொல், சமையல், விவசாயம், டிரைவர் வேலை, எதுவானாலும் சரி, நான் வழி கண்டுபிடித்துத் தருகிறேன் என்று. அவன் நிஜமாகவே தேடினான். முகத்தில் தெரிந்தது. ஒரு பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வெளியே போட்டுப் போட்டுத் தேடுகிறவன் மாதிரி. கடைசியில், "இருந்தா உங்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்லப்போறேன்?" என்றான். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் எழுந்துபோய் எனக்கு மாதுளம்பழம் உரித்துக்கொண்டு வந்தான்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. ஹாலில் பெட்டியைத் திறந்து வைத்து, நானும் அம்மாவும் துணி அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்பா சத்தமாக வைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் மூன்று மணிக்கு அண்ணன் உள்ளே வந்தான். ஆறரைக்கு முன்னால் அவன் வந்ததில்லை. கையில் பேக்கரி பொட்டலம். தோளில் லேப்டாப் பை இல்லை.

முதலில் என்னிடம் பொட்டலத்தைக் கொடுத்தான். தேங்காய் பன். இன்னும் சூடாக இருந்தது. பிறகு உட்கார்ந்து, நடந்ததை நிதானமாகச் சொன்னான். காலையில் மேடம் அவனைக் கேபினுக்குக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று மாதமாக அவன் எழுதும் பதில்களுக்குத்தான் நல்ல பேர் வருகிறது, தேனிக்காரரே நன்றி சொல்லி எழுதியிருக்கிறார், அடுத்த வாரம் புதிதாக நாலு பேர் சேருகிறார்கள், அவர்களுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

"என்ற தங்கச்சிதான் எழுதுதுங்கன்னு சொன்னேன்" என்றான்.

அம்மா கையிலிருந்த என் சுடிதாரை மடிப்பதை நிறுத்தினார்.

"ஏண்ணா சொன்னே?"

"கேட்டாங்கல்ல அம்மணி."

"ஏதாவது சொல்லியிருக்கலாமல்ல. தெரியலீங்க, தானா வருதுங்கன்னு."

"அதெப்படி? அத்தனையும் நீ எழுதுனது. அவுங்க அவ்வளவு பெருமையாச் சொல்றாங்க. நான் எப்படி வாங்கிக்கறது?" பிறகு, "அப்பா சொல்லிக் குடுத்ததையும் சொன்னேனுங்கப்பா" என்றான் டிவி பக்கம் திரும்பி.

லேப்டாப்பை வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். மேடம் சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லையாம். தண்ணீர்கூடக் கொடுத்தார்களாம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் ஒரு கை முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது. அம்மா யாரையும் பார்க்காமல் சுடிதாரை மடித்து முடித்தார். அதைப் பெட்டியில் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். பெங்களூருக்கு வரமுடியவில்லை என்று எழுதவேண்டியிருக்கும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போகாதே என்று யாரும் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள். அண்ணனைத் திட்டலாமென்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். மூன்று மாதத்தில் முதல்தடவையாக ஒரு வேலையை முழுசாக முடித்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

"இன்னொண்ணு அம்மணி. உன்ற நம்பர் கேட்டாங்க. குடுத்துப்போட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கோ. இந்த மாதிரி எழுதற ஆளுதான் அவுங்களுக்கு வேணும்னாங்க. சம்பளம்கூட என்னைவிடச் சேத்தித்தான் தருவாங்களாட்ட இருக்குது."

"சரவணம்பட்டிதானே" என்றார் அம்மா மெதுவாக, மடியிலிருந்த சுடிதாரைப் பார்த்துக்கொண்டு. "ஊட்ல இருந்தே போயிட்டு வந்துக்கலாம்."

சார்ஜில் கிடந்த என் போன் அடித்தது. தெரியாத நம்பர். நான் எழுந்திருக்கவில்லை. அண்ணன் போய், ஒயரைப் பிடுங்கி, போனை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினான். நான் வாங்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எனக்கு முன்னால் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, பொறுமையாகச் சொன்னான்:

"எடுத்துப் பேசு கண்ணு. நல்ல எடத்துல இருந்து அவுங்களாக் கூப்பிடறப்ப, இப்படிச் சும்மா உக்காந்திருக்கக் கூடாது."

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.